கல் எடை கழித்து

ஒரு வாள் பத்துப் பொற்காசு என்று எழுதி வைத்திருந்தேன்.
ஒரு ரொட்டி ஒரு பொற்காசு.
சத்திரத்தில் ஓரிரவு, குதிரைக்குப் புல்லோடு சேர்த்து,
அதுவும் ஒரு பொற்காசுதான்.
ஏன் என்று இரண்டு வருஷம் யாரும் கேட்கவில்லை.

தண்டையார்பேட்டை. மூன்றாம் மாடிக்கு மேல் மொட்டைமாடி.
ஞாயிறு இரவு, தண்ணீர்த் தொட்டிக் குழாயில் கட்டிய பல்பு.
முபாரக் மந்திரவாதி. தீர்த்தகிரி வில்லாளி.
புதிதாக வந்த ஜெசிந்தா திருடி;
பகலில் நகைக்கடன் கம்பெனியில் மதிப்பீட்டாளர்.
உரைகல்லின் கருப்பு போகாத விரல்களில்
இருபது முகப் பகடையை உருட்டாமல் வைத்துக்கொண்டு
கேட்டாள்:
"உங்க ஊர்ல மூட்டை தூக்கறவருக்கு
ஒரு நாள் கூலி என்ன?"

நோட்டைப் புரட்டினேன்.
பூதங்கள் எழுபத்திரண்டு வகை இருந்தன.
கூலி இல்லை.

"சரி, பொற்காசு எத்தனை கிராம்?"
இல்லை.
"என்ன மாத்து?"
"டிராகனை அடிக்க வந்தோமா, ஆடிட்டுக்கா?" என்றான் முபாரக்.

அன்று டிராகன் சாகவில்லை.
மூட்டை தூக்குபவரிடமிருந்து தொடங்கினோம்.
கூலி ஏழு செப்புக்காசு.
தானியம், உப்பு, விளக்குக்கு எண்ணெய், காலுக்குக் களிம்பு
போக மிச்சம் அரைக்காசு.
அரைக்காசு அடிக்கும் அக்கசாலை
என் ராஜ்யத்தில் கிடையாது.
"சில்லறை இல்லப்பா" என்று
எங்கள் தெருமுனைக் கடைக்காரர் மிட்டாய் நீட்டுவதுபோல
என் மளிகைக்காரன் இரண்டு கிராம்பு நீட்டினான்.
அடுத்த ஞாயிறு பாலத்துச் சுங்கத்துக்கு
தீர்த்தகிரி கிராம்பு கொடுத்தான்.
காவலன் முகர்ந்து பார்த்து
கதவைத் திறந்துவிட்டான்.

கேலி செய்த முபாரக்கே சொன்னான்:
காசிமேட்டில் விடியுமுன் வஞ்சிரம் ஒரு விலை,
பத்து மணி வெயிலில் அதே மீன் வேறு விலை,
ஐஸ் வரவில்லையென்றால் விலையே இல்லை.
பட்டியலைப் பேனாவில் எழுதுவதை
அன்றோடு நிறுத்தினேன்.

ஐந்தாம் வாரம் டிராகன் செத்தது.
பன்னிரண்டு வண்டித் தங்கம்
தொள்ளாயிரம் பேர் வாழும் ஊருக்குள் நுழைந்தது.
முதல் நாள் விருந்து.
மூன்றாம் நாள் ரொட்டி ஒன்பது செப்புக்காசு.
கூலி அதே ஏழு.
மூட்டை தூக்குபவருக்கு அதுவரை பெயர் இல்லை,
அன்று வைத்தோம்: துரும்பன்.
துரும்பன் ரொட்டிக்கடை வாசலில்
கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்
என்று நான் சொன்னேன்.
பகடை உருட்ட யாரும் கேட்கவில்லை.

பிறகு தீர்த்தகிரி ஆயுதக்கடைக்குப் போனான்,
கைப்பிடியில் சிவப்புக் கல் பதித்த வாள் வாங்க.
"இதை யார் வித்தாங்க?" ஜெசிந்தா.
கடைக்காரர்.
"கடைக்காரருக்கு?"
என்னிடம் பதில் இல்லை என்பதை முகத்தில் பார்த்திருப்பாள்.
தன்பாட்டுக்குப் பேசினாள்:
"நேத்து ஒரு அம்மா தோடு கொண்டுவந்தாங்க, ஸ்கூல் ஃபீஸுக்கு.
கல் எடை கழிக்கணும், அதான் ரூல்.
கழிச்சா ஒரு கிராம் எண்ணூறு மில்லி.
கல்லுதாம்மா அழகுன்னாங்க.
அழகுதான்."

தராசில் வைப்பதுபோல் பகடையை மெதுவாக வைத்தாள்.
மூன்று விழுந்தது. உருட்டினாளா, வைத்தாளா
என்று நாங்கள் சண்டை போடவில்லை.
வாள் ஒரு விதவைக்குத் திரும்பியது.
வட்டி இல்லாமல்.
தீர்த்தகிரிக்கு இன்னும் வருத்தம்தான்.

பதினொன்றே முக்கால்.
கீழே டோல்கேட் பக்கம் போக ஆட்டோ நிறுத்தினாள்.
நூற்றைம்பது என்றார். எழுபது என்றாள்.
"நைட்டு ரேட்டு மேடம்."
"மீட்டர்னு ஒண்ணு வெச்சிருக்கீங்களே, அது எதுக்கு?"
"அது அழகுக்கு."
அவள் சிரித்தது மாடிவரை கேட்டது.
நூற்றுப் பத்துக்குப் படிந்தது.

பல்பை அணைக்குமுன் பென்சிலைத் தேடி எழுதினேன்:
இருட்டியபின் பாலம் கடக்க
கிராம்பு நான்கு.
பேரம் உண்டு.